எஸ்-கார்ப் யாருக்கு, எல்எல்சி யாருக்கு: அமெரிக்க ரியல் எஸ்டேட் தொழிலுக்கு ஓர் ஒப்பீடு

டல்லாஸிலும் நியூ ஜெர்சியிலும் பே ஏரியாவிலும் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விடும் நம்மவர்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "எல்எல்சி ஆரம்பிச்சாச்சு. அதை எஸ்-கார்ப்பா மாத்திட்டா வரி குறையுமாமே, மாத்திடலாமா?" இந்த யோசனையைச் சொன்னவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அவர் பெரும்பாலும் ஐடி கன்சல்டிங் செய்பவராக இருப்பார். அவர் வருமானத்துக்குப் பொருந்தும் கணக்கு வாடகைக்குப் பொருந்தாது.

எஸ்-கார்ப் என்பது 1958-இல் அமெரிக்க வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஒரு வரித் தகுதி. எல்எல்சியோ (உரிமையாளரின் பொறுப்பு போட்ட முதலோடு நின்றுவிடும் கம்பெனி வகை) கார்ப்பரேஷனோ படிவம் 2553 கொடுத்து அதைப் பெறலாம். பொதுவாகக் கம்பெனி ஃபெடரல் வருமான வரி கட்டாது. லாபம் கே-1 படிவம் வழியாக உரிமையாளரின் சொந்தக் கணக்குக்கு வந்துவிடும். இது இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் எல்எல்சிக்கும் உண்டு. எஸ்-கார்ப்பில் அதிகப்படியாகக் கிடைப்பது ஒன்றுதான்: உரிமையாளர் தனக்கு நியாயமான சம்பளம் போட்டுக்கொண்டால், மீதி லாபத்துக்கு 15.3 சதவீத சுயதொழில் வரி (சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளில் இரு பக்கத்தையும் உரிமையாளரே கட்டுவது) இல்லை. சாதாரண வாடகைக்கோ அந்த வரி எந்த அமைப்பிலும் கிடையாது. இல்லாத வரியை மிச்சம் பிடிக்கத்தான் பலர் படிவம் நிரப்புகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் வருமானத்தின் வகை. வாடகையா, வீட்டை வாங்கிப் புதுப்பித்து விற்கும் ஃப்ளிப்பிங்கா, ஏஜென்ட் கமிஷனா, பிறர் வீட்டைப் பராமரிக்கும் கட்டணமா? அடுத்தது கடன்: வங்கிக் கடனில் வாங்கிய சொத்தின் நஷ்டத்தை எவ்வளவு கழிக்க முடியும், ரீஃபைனான்ஸ் செய்து பணம் எடுத்தால் என்ன ஆகும்? மூன்றாவது, சொத்தைக் கம்பெனியை விட்டு வெளியே எடுக்கும் செலவு. இதை யாரும் முதல் நாளில் யோசிப்பதில்லை. பத்தாவது ஆண்டில் அதிகம் கடிப்பது இதுதான். பிறகு வாரிசுக்குப் போகும் வழி, பங்குதாரர்களின் விசா நிலை, மாநில வரி, ஆண்டுதோறும் ஆகும் கணக்குச் செலவு.

| அளவுகோல் | சொந்தப் பெயர் அல்லது ஒருவர் எல்எல்சி | பலர் சேர்ந்த எல்எல்சி | எஸ்-கார்ப் |
|---|---|---|---|
| தாக்கல் | தனிநபர் வரிப் படிவம் 1040-இல் ஷெட்யூல் ஈ (வாடகை) அல்லது சி (தொழில்) | படிவம் 1065, மார்ச் 15 | படிவம் 1120-எஸ், மார்ச் 15 |
| வாடகைக்குச் சுயதொழில் வரி | இல்லை | இல்லை | இல்லை |
| ஃப்ளிப்பிங், கமிஷன் லாபம் | முழுவதற்கும் உண்டு | உழைக்கும் உறுப்பினருக்கு உண்டு | சம்பளத்துக்கு மட்டும் |
| வங்கிக் கடன் பேசிஸில் சேருமா | சேரும் | சேரும் | சேராது |
| சொத்தை வெளியே எடுத்தால் | வரி இல்லை | பெரும்பாலும் வரி இல்லை | சந்தை விலைக்கு விற்றதாகக் கருதி வரி |
| வாரிசுக்குத் தேய்மானம் புதிதாகத் தொடங்குமா | தொடங்கும் | 754 தேர்வு (உள்ளே இருக்கும் சொத்தின் பேசிஸையும் உயர்த்தக் கோருவது) செய்தால் தொடங்கும் | தொடங்காது |
| வெளிநாட்டில் வசிக்கும் அயல்நாட்டவர் பங்குதாரர் | தடையில்லை | முடியும், வரிப் பிடித்தத்துடன் | முடியாது |

பேசிஸ் என்றால், வரிக்கணக்கில் உங்கள் முதலீடாக நிற்கும் தொகை. நஷ்டத்தைக் கழிப்பதற்கும் பணம் எடுப்பதற்கும் அதுதான் உச்சவரம்பு.

## சொந்தப் பெயர் அல்லது ஒருவர் எல்எல்சி

அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் பார்வையில் இரண்டும் ஒன்றே. தனித் தாக்கல் இல்லை; வாடகை ஷெட்யூல் ஈ-யில் போகும். கட்டடத்துக்கு 27.5 ஆண்டு தேய்மானம், விற்கும்போது நீண்டகால மூலதன ஆதாய விகிதம், 1031 மாற்று (விற்ற பணத்தில் வேறு சொத்து வாங்கி வரியைத் தள்ளிப்போடுவது) என எல்லாம் நேராகக் கிடைக்கும். உரிமையாளர் இறந்தால் வாரிசுக்குச் சொத்தின் பேசிஸ் அன்றைய சந்தை விலைக்கு உயர்ந்துவிடும்.

மறைந்த செலவு வேறு இடத்தில் இருக்கிறது. சொந்தப் பெயரில் மார்ட்கேஜ் எடுத்த வீட்டை எல்எல்சிக்கு மாற்றினால், கடன் முழுவதையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு உண்டு. தவணை ஒழுங்காக வரும்வரை வங்கிகள் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை, ஆனால் உரிமை உரிமைதான். எல்எல்சி பெயரிலேயே கடன் வாங்கப் போனால் வட்டி கூடும். மாற்றும் முன் டைட்டில் இன்ஷூரன்ஸும் வீட்டு இன்ஷூரன்ஸும் புதிய பெயருக்குச் செல்லுபடியாகுமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஒன்றிரண்டு வாடகை வீடுகள் மட்டும் உள்ள குடும்பத்துக்கு இதைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை.

## பலர் சேர்ந்த எல்எல்சி

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஓர் அடுக்குமாடிக் கட்டடம் வாங்குகிறார்கள் என்றால் கேள்வியே வேண்டாம், இதுதான். பணம் போட்டவருக்கு முதலில் 8 சதவீதம், அதற்குமேல் வருவதில் வேலை பார்த்தவருக்கு 30 சதவீதம் என்று எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். எஸ்-கார்ப்பில் ஒரே வகைப் பங்குதான். பங்கு விகிதப்படிதான் ஒவ்வொரு டாலரும் பிரியும்.

பெரிய வித்தியாசம் கடனில். 10 லட்சம் டாலர் கட்டடம், கையிலிருந்து 2 லட்சம், வங்கிக் கடன் 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். காஸ்ட் செக்ரிகேஷன் ஆய்வு (கட்டடத்தில் வேகமாகத் தேயும் பகுதிகளைத் தனியே பிரிப்பது) செய்து, 2025 ஜனவரி 19-க்குப் பின் வாங்கிய சொத்துக்குத் திரும்ப வந்திருக்கும் 100 சதவீத போனஸ் தேய்மானத்தையும் (அந்தப் பகுதிகளின் முழு விலையையும் முதல் ஆண்டே கழிப்பது) எடுத்ததில், முதல் ஆண்டு 2.6 லட்சம் நஷ்டம் வருகிறது. எல்எல்சியில் உறுப்பினர்களின் பேசிஸ் 10 லட்சம். நஷ்டம் முழுவதும் அவர்கள் கணக்குக்குப் போகும். எஸ்-கார்ப்பில் பேசிஸ் 2 லட்சம்தான். 60,000 டாலர் அப்படியே தொங்கும். "நான்தானே கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டேன்" என்று சொல்லிப் பயனில்லை. ஜாமீன் கையெழுத்து பேசிஸ் தராது. கம்பெனிக்கு உங்கள் கையிலிருந்து நேராகக் கொடுத்த கடன் மட்டுமே தரும்.

ஐந்து ஆண்டு கழித்து கட்டடம் 14 லட்சம் ஆகிறது. ரீஃபைனான்ஸ் செய்து 3 லட்சம் எடுக்கிறீர்கள். எல்எல்சியில் புதுக் கடன் பேசிஸை உயர்த்துவதால் பொதுவாக அன்று வரி இல்லை. எஸ்-கார்ப்பில் பேசிஸ் ஏற்கெனவே பூஜ்யத்தில் இருந்தால், விற்காத கட்டடத்துக்காக 3 லட்சத்துக்கு மூலதன ஆதாய வரி கட்ட வேண்டியிருக்கும். ரீஃபைனான்ஸ் செய்து அடுத்த வீடு வாங்குவதே உங்கள் திட்டம் என்றால் இந்த ஒரு காரணமே போதும்.

எந்த அமைப்பானாலும், வாடகை நஷ்டத்தைச் சம்பளம் போன்ற வருமானத்தில் கழிக்கத் தடை போடும் பாஸிவ் நஷ்ட விதி தனியாக நிற்கிறது. சரிக்கட்டிய வருமானம் 1 லட்சம் டாலருக்குள் இருந்தால் 25,000 வரை வாடகை நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாம், 1.5 லட்சத்தில் அந்தச் சலுகை முற்றிலும் மறைந்துவிடும். ஆண்டுக்கு 750 மணி நேரத்துக்கு மேலும், மொத்த வேலை நேரத்தில் பாதிக்கு மேலும் ரியல் எஸ்டேட்டில் செலவிடுபவருக்குத்தான் விலக்கு. கணவன் மனைவி இருவரும் முழுநேர ஐடி வேலையில் இருந்துகொண்டு இதைக் கோருவது ஆடிட்டைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான்.

மறைந்த செலவு: 1065 தாக்கல் கட்டணம், உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கே-1, தகராறு வந்தால் எப்படிப் பிரிவது என்று எழுதிய ஒப்பந்தம். கடைசியைச் சிக்கனம் பார்த்து விட்டுவிடுபவர்கள் அதிகம்.

## எஸ்-கார்ப்

இது தன் வேலையைச் செய்வது ஃப்ளிப்பிங், கமிஷன், பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றில். தினமும் அறை சுத்தம், காலை உணவு என ஹோட்டல் போலச் சேவை தரும் குறுகியகால வாடகையும் இந்தப் பக்கம்தான் வரும். ஆனாலும் மிச்சம் எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் சொல்லும் தொகை கையில் நிற்பதில்லை.

ஆண்டு லாபம் 1,20,000 டாலர். கணவன் அல்லது மனைவிக்குத் தனிச் சம்பளம் இருப்பதால் குடும்பம் 22 சதவீத அடுக்கில் இருக்கிறது. ஒருவர் எல்எல்சியில் சுயதொழில் வரி 16,955 டாலர். எஸ்-கார்ப்பில் 60,000 சம்பளம் எடுத்தால் அதன் மேல் இரு பக்கப் பேரோல் வரியும் சேர்ந்து 9,180. வித்தியாசம் 7,775. பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். சுயதொழில் வரியில் பாதியைக் கழிக்கும் சலுகை சுருங்குவதால் 855 போகும். தொழில் வருமானத்துக்கான 20 சதவீதக் கழிவு, அதாவது 199ஏ, சம்பளத்துக்குக் கிடையாது என்பதால் இன்னும் 2,469 போகும். மிஞ்சுவது 4,451. இதிலிருந்து 1120-எஸ் தயாரிக்கும் கட்டணம், பேரோல் சேவை, வேலையின்மைக் காப்பு வரி எல்லாம் கழிய வேண்டும். கணக்கருக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் கூடுதலாகக் கொடுத்தாலும் கையில் 2,400 போல நிற்கும். லாபம் 50,000 என்றால் பெரும்பாலும் ஒன்றும் நிற்காது.

பகலில் ஐடி வேலை, மாலையில் ஃப்ளிப்பிங் என்பவருக்கு இன்னொரு பொறி. 2025-இல் சோஷியல் செக்யூரிட்டி வரியின் சம்பள உச்சவரம்பு 1,76,100 டாலர். ஐடி சம்பளமே அதைத் தொட்டுவிட்டால், பக்கத் தொழிலின் மேல் வருவது 2.9 சதவீத மெடிகேர் வரியும் அதற்கான கூடுதல் 0.9 சதவீதமும்தான், மிச்சம் பிடிக்க அதிகமில்லை. எஸ்-கார்ப் வைத்துத் தனக்குச் சம்பளம் போட்டாலோ, முதலாளி பங்கான 6.2 சதவீதத்தைக் கம்பெனி புதிதாகக் கட்ட வேண்டும். தொழிலாளி பங்கில் கூடுதலாகப் போனது 1040-இல் திரும்பக் கிடைக்கும். முதலாளி பங்கு திரும்பாது. இவர்களுக்கு எஸ்-கார்ப் சில நேரம் நஷ்டக் கணக்கே.

சம்பளத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துத் தப்பலாம் என்று நினைப்பவர்கள் வாட்சன் வழக்கைப் பார்க்கலாம். அயோவாவில் ஒரு கணக்காளர் ஆண்டுக்கு 24,000 டாலர் சம்பளம் காட்டி, அதைப் போலப் பல மடங்கை லாபப் பங்காக எடுத்தார். நியாயமான சம்பளம் 91,044 என்று தீர்ப்பாகி, 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உங்கள் ஊரில் இதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கொடுப்பீர்கள் என்பதை எழுதி ஃபைலில் வைத்திருங்கள். ஃப்ளிப்பிங்கில் வீடு விற்காத ஆண்டில் கம்பெனியிலிருந்து பணம் எடுக்காமல் இருந்தால் சம்பளத்தையும் தள்ளிப்போடலாம்; பணம் எடுத்தால் முதலில் சம்பளம்.

கமிஷன் ஏஜென்ட்டுகள் கவனிக்க வேண்டியது: புரோக்கரேஜுடனான ஒப்பந்தம் கம்பெனி பெயரில் இருக்க வேண்டும். உங்கள் பெயருக்கு வந்த 1099 வருமானப் படிவத்தைக் கம்பெனிக் கணக்கில் காட்டினால் அது உங்கள் வருமானம் என்றே ஐஆர்எஸ் வாதிடும். கமிஷன் வாங்கக் கம்பெனிக்கும் உரிமம் தேவையா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

இப்போது எஸ்-கார்ப்பின் பெரிய குறை. சொத்து உள்ளே போவது சுலபம், வெளியே வருவதற்கு விலை உண்டு. 3 லட்சத்துக்கு வாங்கிய வீடு. தேய்மானம் போக பேசிஸ் 1.8 லட்சம்; சந்தை விலை 6 லட்சம். அதை உங்கள் பெயருக்கு மாற்றினால் 4.2 லட்சம் லாபத்துக்கு விற்றதாகக் கணக்கு. ஒரு பைசா கைக்கு வந்திருக்காது. எஸ் தகுதியைத் துறந்தாலும் சொத்து கம்பெனிக்குள்ளேயே இருக்கும், இனி 21 சதவீதக் கார்ப்பரேட் வரியோடு. மறுபடி எஸ் கேட்க ஐஆர்எஸ் சம்மதம் இல்லாவிட்டால் ஐந்தாண்டு காத்திருக்க வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசின் பங்குக்கு 6 லட்சம் பேசிஸ் வரும், உள்ளே இருக்கும் வீட்டுக்கு அதே 1.8 லட்சம்தான்.

## இரண்டையும் பிரித்து வைப்பது

வாடகையும் ஃப்ளிப்பிங்கும் சேர்ந்து செய்பவருக்கு நாங்கள் சொல்வது இதுதான்: வைத்திருக்கும் வீடுகள் எல்எல்சியில், விற்கும் வீடுகளும் கமிஷனும் எஸ்-கார்ப்பில். தனி வங்கிக் கணக்கு, தனிக் கணக்குப் புத்தகம். இதில் வரி மட்டும் காரணம் அல்ல. விற்பதற்காகவே வாங்கிய வீடு சரக்கு. அதற்குத் தேய்மானம், 1031, நீண்டகால மூலதன ஆதாயம் எதுவும் கிடையாது. ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் கலந்தால், பத்து ஆண்டு வாடகைக்கு விட்ட வீட்டையும் சரக்கு என்று சொல்ல ஐஆர்எஸ்ஸுக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும்.

வாங்கும் நாளிலேயே முடிவு வேண்டும். விற்க வாங்கிய வீடு சந்தை மந்தத்தில் விற்காமல் போய், "சரி, வாடகைக்கு விடுவோம்" என்று எல்எல்சிக்கு மாற்றினால் அங்கே மேலே சொன்ன விற்பனைக் கணக்கு வந்து நிற்கும்.

விலை ஏறிய காலி நிலத்தை மனை பிரித்து விற்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. எல்எல்சியில் நீண்ட காலம் முதலீடாக வைத்திருந்த நிலத்தை, சந்தை விலைக்குத் தங்கள் எஸ்-கார்ப்புக்கு விற்று, அதுவரை ஏறிய மதிப்பை மூலதன ஆதாயமாக நிறுத்திவிட்டு, மனை பிரிக்கும் லாபத்தை மட்டும் சாதாரண வருமானமாகக் காட்டுவது. 1992-இல் பிராம்ப்ளெட் வழக்கில் ஐந்தாவது சர்க்யூட் நீதிமன்றம் இதை ஏற்றது. விலை, பத்திரம், தவணை எல்லாம் அந்நியருக்கு விற்பது போல உண்மையாக இருக்க வேண்டும். கட்டடத்தில் இதைச் செய்யாதீர்கள்: தேய்மானச் சொத்தைத் தன் கம்பெனிக்கே விற்றால் ஆதாயம் சாதாரண வருமானமாகிவிடும்.

## விசா, மனைவி, ஊர் திரும்புதல்

எஸ்-கார்ப் பங்குதாரர் அமெரிக்கக் குடிமகனாகவோ வரிக்கணக்கில் அமெரிக்கவாசியாகவோ இருக்க வேண்டும். ஹெச்1பி-யில் இருப்பவர், இருந்த நாட்களின் கணக்குப்படி தகுதி பெற்றால், பங்குதாரர் ஆகலாம். எஃப்1 மாணவர் முதல் ஐந்து ஆண்டுகள் பொதுவாக முடியாது. சென்னையில் இருக்கும் அப்பா அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இல்லையென்றால் அவராலும் முடியாது. எல்எல்சியில் அவரைச் சேர்க்கலாம். ஆனால் அவர் பங்கு லாபத்தில் உச்ச விகிதமான 37 சதவீதத்தைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு எல்எல்சிக்கு வரும்.

ஹெச்1பி-க்காரருக்கு இதில் ஒரு முரண் உண்டு. எஸ்-கார்ப்பில் வேலை செய்யும் உரிமையாளர் சம்பளம் எடுத்தே ஆக வேண்டும் என்கிறது வரிச் சட்டம். ஸ்பான்சர் செய்யாத கம்பெனியில் வேலை செய்யக் கூடாது என்கிறது குடியேற்றச் சட்டம். வீடு வாங்கி வாடகைக்கு விடுவது முதலீடு. ஃப்ளிப்பிங்கை நின்று நடத்துவது வேலை. படிவம் 2553-இல் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

கலிஃபோர்னியா, டெக்சாஸ், வாஷிங்டன், அரிசோனா உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் திருமணச் சொத்து இருவருக்கும் பொது. மனைவி இன்னும் விசாவுக்காகத் திருச்சியில் காத்திருக்கிறார் என்றால், அவருக்கும் பங்கில் பாதி என்று கருதப்பட்டு, எஸ் தேர்வே செல்லாமல் போகலாம். கணவர் தனியாகக் கையெழுத்திட்ட படிவங்கள் இப்படி ஓசையில்லாமல் கெட்டுக் கிடக்கின்றன.

ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால் இதையும் யோசியுங்கள்: குடியுரிமை இல்லாத பங்குதாரர் இந்தியா வந்து வரிக்கணக்கில் அயல்நாட்டவர் ஆனவுடன் எஸ் தகுதி முடிந்துவிடும். உள்ளே வீடு இருந்தால் அது சாதாரணக் கார்ப்பரேஷனில் மாட்டிக்கொள்ளும்.

## மாநிலம்

கலிஃபோர்னியாவில் எஸ்-கார்ப்புக்கு லாபத்தில் 1.5 சதவீதம், குறைந்தது 800 டாலர். எல்எல்சிக்கு 800-உடன் மொத்த வரவின் மேல் தனிக் கட்டணம். ஃப்ளிப்பிங்கில் லாபத்தை அல்ல, விற்ற விலையையே பார்ப்பார்கள். தலா ஆறு லட்சத்துக்கு இரண்டு வீடு விற்றால் எல்எல்சி கட்டுவது 6,800 டாலர். 1,20,000 லாபத்துக்கு எஸ்-கார்ப் கட்டுவது 1,800. இங்கே ஃப்ளிப்பிங் செய்பவருக்கு ஃபெடரல் மிச்சத்தைவிட இதுவே பெரிதாக இருக்கும். நியூயார்க் நகரம் எஸ் தகுதியை ஏற்பதில்லை, 8.85 சதவீதக் கார்ப்பரேஷன் வரி போடும். டெக்சாஸில் இரண்டுக்கும் ஒரே ஃப்ராஞ்சைஸ் வரி, 2025-இல் 24.7 லட்சம் டாலர் வரவு வரை வரி இல்லை.

## தேர்வு செய்தால் தவறாமல் செய்ய வேண்டியவை

படிவம் 2553 புதுக் கம்பெனிக்கு தொடங்கி 2 மாதம் 15 நாளுக்குள், பழைய கம்பெனிக்கு மார்ச் 15-க்குள். எல்லாப் பங்குதாரரும், பொதுச் சொத்து மாநிலங்களில் துணையும் கையெழுத்திட வேண்டும். தவறினால், தக்க காரணம் காட்டி 3 ஆண்டு 75 நாள் வரை தாமத மன்னிப்பு கேட்கலாம். ஏற்பு வந்ததும் சிபி261 கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள்; வங்கியும் அடுத்த சிபிஏவும் முதலில் கேட்பது அதைத்தான். எல்எல்சி ஒப்பந்தத்தில் இணையத்திலிருந்து எடுத்த கூட்டாண்மை வாசகங்கள் இருந்தால், ஒரே வகைப் பங்கு என்ற விதியோடு மோதும், அதைத் திருத்துங்கள். ஒவ்வொரு காலாண்டும் பேரோல் வரிப் படிவம் 941, ஜனவரி 31-க்குள் சம்பளச் சான்றான டபிள்யூ-2. 1120-எஸ் தாமதமானால் லாபமே இல்லாவிட்டாலும் பங்குதாரர் ஒருவருக்கு மாதம் 255 டாலர் அபராதம், 2026-இல் தாக்கல் செய்ய வேண்டியவற்றுக்கு. கணவன் மனைவி இருவர், ஐந்து மாதத் தாமதம்: 2,550.

## ஏற்கெனவே வீட்டை எஸ்-கார்ப்பில் போட்டுவிட்டவர்களுக்கு

அவசரப்பட்டுத் தகுதியைத் துறக்க வேண்டாம். நிலைமை இன்னும் மோசமாகும். இனி வாங்கும் வீடுகளை எல்எல்சியில் வாங்குங்கள். சமீபத்தில் வாங்கி விலை ஏறாத வீடாக இருந்தால் இப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். ஆதாயம் சிறிதாக இருக்கும்போது வரியும் சிறிது. பேசிஸ் போதாமல் நஷ்டம் தொங்கினால், ஆண்டு முடிவதற்குள் சொந்தப் பணத்தைக் கம்பெனிக்குப் பங்காகவோ, முறையான கடன் பத்திரத்துடன் கடனாகவோ கொடுங்கள். படிவம் 7203-இல் அதைக் காட்ட வேண்டும். வாரிசாகப் பங்கு வந்தவர்கள் வீட்டை விற்பதென்றால், விற்பனையையும் கம்பெனிக் கலைப்பையும் ஒரே ஆண்டுக்குள் முடியுங்கள். கம்பெனி வழியாக வரும் ஆதாயத்தைப் பங்கின் நஷ்டத்தோடு பெருமளவு நேர் செய்துகொள்ள முடியும். விற்பனை டிசம்பரிலும் கலைப்பு ஜனவரியிலும் விழுந்தால் ஆதாயம் ஓர் ஆண்டிலும் நஷ்டம் அடுத்த ஆண்டிலும் போய்விடும். மூலதன நஷ்டத்தை முந்தைய ஆண்டுக்குக் கொண்டுபோகத் தனிநபருக்கு அனுமதி இல்லை.